வீட்டெதிரே செல்போன் டவர்: கதிர்வீச்சை முறைப்படி அளக்கச் சொல்லிக் கேட்பது எப்படி? – பாலக்காடு எல்லைப் பகுதித் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் போன்ற ஊர்களிலும் பாலக்காடு நகரத்திலும் குடியிருக்கும் நம் மக்கள், பக்கத்து மாடியில் ஆன்டெனா ஏறியதும் முதலில் செய்வது ஊர்கூடிக் கையெழுத்து வாங்கிப் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ மனுக் கொடுப்பதுதான். எங்கள் தெருவிலும் அப்படித்தான் தொடங்கியது. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது; அந்த அலுவலகம் மீண்டும் முதல் அலுவலகத்தையே காட்டியது; எங்கள் சன்னலில் கதிர்வீச்சு எவ்வளவு விழுகிறது என்ற ஒரே கேள்விக்கு மட்டும் எங்கும் விடை இல்லை. அந்த விடையை எண்ணாகவும், அரசுப் பொறியாளரின் அறிக்கையாகவும் வாங்குவதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. பிற முயற்சிகள் எல்லாம் அந்த எண் கைக்கு வந்த பிறகே பொருளுள்ளவை ஆகும் என்பதால், வரிசை மாறாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. உங்கள் குறையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

கதிர்வீச்சு பற்றிய குறை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறைக்கு உரியது. கோபுரம் உறுதியாக நிற்கிறதா, கட்டட அனுமதி பெறப்பட்டதா, மாடி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பவை உள்ளாட்சிச் செயலாளரிடம் கேட்க வேண்டியவை. கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் 2019, நகராட்சிக் கட்டட விதிகள் 2019 ஆகிய இரண்டுமே தொலைத்தொடர்புக் கோபுரங்களைப் பற்றிப் பேசுகின்றன. ஜெனரேட்டரின் இரைச்சலும் புகையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பில் வருகின்றன.

இந்த மூன்றையும் ஒரே மனுவில் எழுதுவதுதான் பெரும்பாலோர் விழும் குழி. அப்படி எழுதினால் ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு உரியதல்லாத பகுதியைச் சுட்டிக்காட்டி மனு முழுவதையும் வேறிடத்துக்கு அனுப்பிவிடும். மூன்று குறைகள் இருந்தால் மூன்று மனுக்கள், ஒவ்வொன்றிலும் ஒரே பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. எந்தப் பக்கத்துக் கணக்கில் வருகிறீர்கள் என்று உறுதி செய்யுங்கள்

தொலைத்தொடர்புத் துறை நாட்டை உரிமச் சேவைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கள அலுவலகம் வைத்திருக்கிறது. இந்த அலுவலகங்களுக்கு முன்பு 'டெர்ம் செல்' என்ற பெயர் இருந்தது, இப்போது 'எல்.எஸ்.ஏ.' என்று சொல்லுகிறார்கள். கேரளமும் இலட்சத்தீவும் மாஹேயும் ஒரு பகுதி. தமிழ்நாடு வேறொரு பகுதி. உங்கள் சிம் கார்டு கோயம்புத்தூரில் வாங்கியதா, ஆதாரில் பொள்ளாச்சி முகவரி இருக்கிறதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அளக்க வேண்டிய இடம் எந்த மாநில மண்ணில் இருக்கிறது என்பதே கணக்கு.

எல்லையோரத்தில் இது சிறிய செய்தி அல்ல. தெருவின் ஒரு முனை கேரளத்திலும் மறுமுனை தமிழ்நாட்டிலும் இருக்கும் ஊர்களில், உங்கள் கைபேசி எதிர்ப்பக்க மாநிலத்தின் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதனால் உங்கள் வீட்டெதிரே நிற்பதும் அந்த மாநிலக் கோபுரமே என்று ஆகிவிடாது. பாலக்காடு மாவட்ட அஞ்சல் எண்கள் 678 அல்லது 679 என்று தொடங்கும். கோயம்புத்தூர் 641 என்றும் பொள்ளாச்சிப் பக்கம் 642 என்றும் தொடங்கும். விண்ணப்பத்தில் எழுதும் அஞ்சல் எண்ணும் வரைபடத்தில் நீங்கள் குறிக்கும் புள்ளியும் ஒரே மாநிலத்தைக் காட்டுகின்றனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

3. வரம்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகே மற்ற வேலை

அயனியாக்காத கதிர்வீச்சுக்கான பன்னாட்டு ஆணையம் 1998-இல் வகுத்த அளவில் பத்தில் ஒரு பங்கையே இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் தன் வரம்பாக வைத்தது. 400 முதல் 2000 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசைகளுக்கு, மெகாஹெர்ட்ஸ் எண்ணை 2000-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்ற வரம்பு கிடைக்கும். 700 மெகாஹெர்ட்ஸுக்கு 0.35 வாட், 900-க்கு 0.45, 1800-க்கு 0.9. அதற்கு மேலே, 2100, 2300, 3300 என எதுவானாலும், சதுர மீட்டருக்கு 1 வாட். மனு எழுதும் நாளில் நடப்பிலுள்ள எண் இதுதானா என்பதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்த்து, அந்த எண்ணையே மனுவில் எழுதுங்கள்.

இங்கே அலகுக் குழப்பம் ஒன்று பலரைக் கலங்க வைக்கிறது. சதுர மீட்டருக்கு 0.45 வாட் என்பதும், 450 மில்லிவாட் என்பதும், 4,50,000 மைக்ரோவாட் என்பதும் ஒரே அளவுதான். சதுர சென்டிமீட்டரில் சொன்னால் அதுவே 45 மைக்ரோவாட் ஆகிவிடும். இணையத்தில் வாங்கிய கையடக்கக் கருவி ஒன்று 'இருபதாயிரம்' என்று காட்டியதும் மனம் பதறுவது இயல்பு. ஆனால் அந்த எண் சதுர மீட்டருக்கு மைக்ரோவாட் என்றால், 900 மெகாஹெர்ட்ஸ் வரம்பில் அது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.

கைபேசியில் இறக்கிக்கொள்ளும் 'கதிர்வீச்சு அளக்கும்' செயலிகளை அறவே நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை திசைகாட்டிக்காகக் கைபேசியில் இருக்கும் காந்த உணரியின் எண்ணைத்தான் காட்டுகின்றன. ஆன்டெனாவின் வானொலி அலைகளை அந்த உணரி அறியவே அறியாது. விலை குறைந்த கருவிகள் வானொலி அலையை உணர்ந்தாலும், வீட்டு வைஃபை எது, உங்கள் கையிலிருக்கும் கைபேசி எது, கோபுரம் எது என்று பிரித்துச் சொல்ல மாட்டா. எந்த அலுவலகமும் அந்த எண்ணைச் சான்றாக ஏற்காது.

4. பணம் கட்டும் முன் மாடியில் ஏறி நின்று பாருங்கள்

கோபுரத்துக்கு நேர் கீழே இருப்பவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று ஊரில் எல்லோரும் நம்புகிறோம். ஆன்டெனா வேலை செய்யும் விதம் வேறு. அந்த நீளமான பெட்டி போன்ற பலகை, தன் முகம் நோக்கும் திசையில், ஏறக்குறையக் கிடைமட்டமாக, சில பாகைகள் மட்டும் கீழே சாய்ந்து அலையை அனுப்புகிறது. மேலும் கீழுமாக அந்தக் கற்றை மிகவும் ஒடுங்கியது, பக்கவாட்டில்தான் விரிகிறது. கலங்கரை விளக்கின் ஒளி அதன் அடிவாரத்தில் விழாமல் தொலைவில் விழுவது போன்றதுதான் இது. ஆகவே, ஆன்டெனா ஏறியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் அளவு பொதுவாகக் குறைவாக இருக்கும். தெருவுக்கு எதிர்ப்பக்கம், ஆன்டெனாவின் உயரத்திலேயே, அதன் முகத்துக்கு நேராக இருக்கும் மூன்றாம் மாடிச் சன்னலில் கூடுதலாக இருக்கும். தொலைவு இரட்டித்தால் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். இடையில் கான்கிரீட் சுவர் இருந்தால் இன்னும் குறையும்.

இதனால்தான் நகரத்துக் கூரை ஆன்டெனாக்களை உயர்ந்த கோபுரங்களைவிடக் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன். வயல் நடுவே நாற்பது மீட்டர் உயரத்தில் நிற்கும் கோபுரத்தின் எதிரே அதே உயரத்தில் யாரும் குடியிருப்பதில்லை. நெருக்கமான கடைவீதியில், இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல் சிறு கம்பத்தில் கட்டிய ஆன்டெனாவுக்கு எதிரே ஒரு படுக்கையறை இருக்கக்கூடும். தொலைத்தொடர்புத் துறை 2013-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையில், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் உள்ள கட்டடம், ஒரே ஆன்டெனா என்றால் 20 மீட்டரும் இரண்டு என்றால் 35 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. இந்தத் தொலைவு ஆன்டெனாவின் முகத்துக்கு நேரான திசைக்கு மட்டுமே பொருந்தும். முதுகுப்பக்கத்தில் இருப்பவர் இதைக் காட்டி வாதாடினால், அந்த ஒரு பிழையே மனு முழுவதையும் பலவீனப்படுத்திவிடும்.

ஒரு தாளில் உங்கள் வீடு, கோபுரம், ஒவ்வொரு பலகையும் நோக்கும் திசை, உத்தேசத் தொலைவு ஆகியவற்றை வரைந்து, உங்கள் மாடியிலிருந்து தெளிவான படங்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டமான முரசு போன்ற ஆன்டெனாக்கள் கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே பேசுபவை. அவற்றின் கற்றை ஊசி போல மெலிந்தது, வீடுகளை நோக்கி வருவதில்லை. அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

5. 'தரங் சஞ்சார்' தளத்தில் கோபுரத்தைத் தேடுங்கள்

2017 மே மாதம் தொடங்கப்பட்ட 'தரங் சஞ்சார்' என்ற அரசுத் தளத்தில் உங்கள் இடத்தைக் கொடுத்தால், சுற்றியுள்ள கோபுரங்கள் வரைபடத்தில் தெரியும். எந்தத் தொழில்நுட்பம் ஓடுகிறது, வரம்புக்குள் இருப்பதாகச் சான்று பதிவாகியிருக்கிறதா என்பவற்றையும் பார்க்கலாம். விரிவான விவரம் கேட்டால் மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். இதற்குச் செலவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே காட்டப்படும் இணக்கச் சான்று, முதன்மையாக நிறுவனங்கள் தாமே அளித்துக்கொள்ளும் சுயசான்றை அடிப்படையாகக் கொண்டது. துறையின் கள அலுவலகம் ஒரு பகுதியை மட்டுமே தானே நேரில் சென்று சோதிக்கிறது. ஆகவே பச்சைக் குறியைப் பார்த்து நிம்மதி அடைவதும் சரியல்ல, பொய்ச் சான்று என்று குற்றம் சாட்டுவதும் சரியல்ல. உங்கள் எதிரே நிற்கும் கோபுரம் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை நிறுவனங்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலிலேயே இல்லை என்றால், அதுவே கள அலுவலகத்துக்குத் தனி மனு எழுதப் போதுமான காரணம்.

6. 4000 ரூபாய் கட்டி அளவீடு கேளுங்கள்

அதே தளத்தில், யார் வேண்டுமானாலும் தாம் குறிக்கும் இடத்தில் அளக்கச் சொல்லி 4000 ரூபாய் இணையவழியில் செலுத்தி விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல. நான்கைந்து வீட்டார் பகிர்ந்துகொண்டு, படத்தில் ஆன்டெனாவின் முகத்துக்கு மிக நேராக இருக்கும் வீட்டின் பெயரில் விண்ணப்பிப்பதே அறிவுடைமை. அந்த வீட்டில் வரம்புக்குள் இருந்தால் மற்ற வீடுகளில் இன்னும் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு வீட்டாரும் தனித்தனியே பணம் கட்ட வேண்டியதில்லை.

உட்காரும் முன் கைவசம் இருக்க வேண்டியவை: ஓ.டி.பி. வரும் கைபேசி எண், நடப்பிலுள்ள மின்னஞ்சல், ஆதார், உள்ளாட்சி கொடுத்த கட்டட எண்ணுடன் கூடிய முழு முகவரி, வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகை, நீங்கள் எடுத்த படங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள், மாடியில் ஏறி அளக்க உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். அளக்க வரும் நாளில் மாடிக் கதவு பூட்டியிருந்தால் வேலை நடக்காது.

தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் பலர் அக்ஷயா மையத்துக்கு, அதாவது கேரள அரசின் இணையச் சேவை மையத்துக்கு, போகிறார்கள். போகலாம், ஆனால் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவையாக இருக்கட்டும். மையத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டால் பின்னர் வரும் செய்திகள் ஒன்றும் உங்களுக்கு எட்டா. பணம் செலுத்திய ரசீதையும் விண்ணப்ப எண்ணையும் அச்செடுத்து வையுங்கள். கட்டணம் தளத்தின் வழியே மட்டுமே. ரொக்கமாகக் கேட்டோ, 'துறையிலிருந்து பேசுகிறோம்' என்று தனிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லியோ யார் அழைத்தாலும் துண்டித்துவிடுங்கள். உங்கள் நிலத்தில் கோபுரம் வைக்க முன்பணம் கட்டச் சொல்லும் மோசடிக்காரர்களும் இதே பாணியில்தான் பேசுகிறார்கள்.

7. அளக்க வரும் நாள்

விண்ணப்பித்தவர் அளவீட்டின்போது உடனிருக்கலாம். கட்டாயம் இருங்கள். அன்று நீங்கள் செய்ய வேண்டியவை வருமாறு.

வீட்டு வைஃபை பெட்டியை அணைத்துவிடுங்கள்; எல்லோருடைய கைபேசிகளையும் அணைத்தோ விமானநிலையில் வைத்தோ தள்ளி வையுங்கள். அருகில் ஒரு கைபேசி அழைப்பில் இருந்தால் கருவியின் எண் கலங்கும், பிறகு அந்த எண்ணைப் பற்றி இரு தரப்பும் ஐயப்படலாம். ஆன்டெனாவை நோக்கிய சன்னல், மொட்டை மாடி, குழந்தைகள் அதிக நேரம் இருக்கும் அறை என்று இடங்களை முன்பே குறித்துக் காட்டுங்கள். ஓரிடத்தில் எடுக்கும் எண் ஒரு கணத்து எண்ணாக இராமல் 6 நிமிடச் சராசரியாக இருக்க வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

எல்லா அலைவரிசைகளையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் அளவீடு ஒன்று. அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டும் அளவீடு மற்றொன்று. எது செய்யப்படுகிறது என்று பணிவாகக் கேளுங்கள். முதல் வகையில் வரும் எண், வரம்புகளுள் மிகக் கடுமையானதையும்விட மிகக் குறைவாக இருந்தால் அதுவே போதும். வரம்பை நெருங்கினால் இரண்டாம் வகை தேவைப்படும். கோபுரத்தைப் பகிரும் எல்லா நிறுவனங்களின் ஒலிபரப்பும் அந்நேரம் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். மின்தடை நேரத்தில் ஒன்று நின்றுபோயிருக்கலாம். நேரம், வானிலை, மின்சார நிலை, அளந்த இடம், கருவியின் வகை ஆகியவற்றை நீங்களும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

8. அறிக்கையைப் படிக்கும் முறை

பல அலைவரிசைகள் இருக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தால் போதாது. ஒவ்வோர் அளவையும் அதற்குரிய வரம்பால் வகுத்து, வரும் விகிதங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டக் கூடாது. கணக்குப் புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு: 900-இல் 0.09 வாட், 1800-இல் 0.18 வாட், 2300-இல் 0.3 வாட் என்று வந்தால், விகிதங்கள் 0.2, 0.2, 0.3, மொத்தம் 0.7. இது வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் நான்காவதாக ஒரு நிறுவனம் அதே மாடியில் ஏறினால் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை இந்த 0.7 என்ற எண் உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. 'வரம்புக்குள் உள்ளது' என்ற ஒற்றை வரியோடு அறிக்கை முடிந்திருந்தால், அளவிட்ட எண்களை எழுத்தில் கேளுங்கள்.

9. வரம்பு மீறியிருந்தால்

மீறல் உறுதியானால், ஒவ்வொரு நிலையத்துக்கும் (ஒரு நிறுவனம் ஓரிடத்தில் வைத்திருக்கும் அலைபரப்புக் கருவித் தொகுதிக்கும்) நிறுவனத்தின்மீது 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கத் துறைக்கு வழி உண்டு. ஆற்றலைக் குறைக்கவோ, சாய்வையும் திசையையும் மாற்றவோ சொல்லலாம். அறிக்கையின் நகலுடன், மறு அளவீடு எப்போது என்று கேட்டு, கள அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் பொதுக்குறை தீர்ப்புத் தளத்தில் பதிவு செய்யலாம். 2024 ஆகஸ்டு முதல் அங்கே தீர்வுக்கான காலம் 21 நாள்.

இணையாக, மாவட்ட ஆட்சியரின் தலைமையிலான மாவட்டத் தொலைத்தொடர்புக் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். உள்ளாட்சியிடமிருந்து கோபுர அனுமதியின் நகல், மாடியின் உறுதிச் சான்று போன்றவை தேவைப்பட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். அந்த நிலையத்தின் சுயசான்று நகலை மத்தியத் துறையிடம் தனி விண்ணப்பத்தில் கேளுங்கள். மாநிலமும் மத்தியமும் ஒரே விண்ணப்பத்தில் சேரா.

மொழி பற்றி நம்மவர்களுக்கு ஒரு சொல். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைமைகளுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். குறைதீர்ப்பு மனுவை மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தர அரசியலமைப்பின் 350-ஆம் உறுப்பும் இடமளிக்கிறது. தமிழ் மனுவை வாங்க மறுத்தால் இவற்றை அமைதியாக எடுத்துச் சொல்லி, கையொப்பமிட்ட ஒப்புகையுடன் கொடுத்துவிட்டு வாருங்கள். மத்திய அலுவலகத்துக்கு மட்டும் ஆங்கில நகலையும் இணைத்தால் காலம் மிச்சமாகும்.

10. வரம்புக்குள்தான் இருக்கிறது என்று வந்தால்

பெரும்பாலும் இப்படித்தான் வரும். அப்போது கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கோபுரத்தை அகற்றக் கோருவது பயன் தராது. வரம்புக்குள் இருக்கும் கோபுரத்தை வெறும் அச்சத்தின் பேரில் தடுக்க இயலாது என்பதே கேரள உயர் நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டின் சேமஞ்சேரி கிராமப் பஞ்சாயத்து வழக்கிலிருந்து எடுத்துவரும் நிலை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வானொலி அலைகளை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளவற்றின் பட்டியலில் வைத்தது உண்மை. அந்தப் பிரிவின் பொருள் சான்று வரையறைக்குட்பட்டது என்பதே. 'எங்கள் தெருவில் இன்னாருக்கு டவரால்தான் நோய் வந்தது' என்று மனுவில் எழுதாதீர்கள். அதை நிறுவ முடியாது. நோயாளியின் குடும்பத்துக்கும் அது வேதனை.

உடலுக்கு மிக அருகில் வரும் அலைமூலம் கோபுரமன்று, கைபேசிதான். சிக்னல் பலவீனமான இடத்தில் கைபேசி தன் ஆற்றலை உயர்த்திக்கொண்டு பேசுகிறது. எல்லையோரத்தில் கட்டம் கட்டமாகச் சிக்னல் மாறும் வீடுகளில் இது அடிக்கடி நேரும். சன்னலருகே நின்று, ஒலிபெருக்கியிலோ கம்பியுள்ள இயர்போனிலோ பேசினாலே தலையில் படும் அளவு வெகுவாகக் குறையும். இந்தியாவில் விற்கும் கைபேசிக்கு எஸ்.ஏ.ஆர். (உடல் உறிஞ்சும் அலை ஆற்றலின் அளவு) வரம்பு கிலோகிராமுக்கு 1.6 வாட், *#07# என்று அழுத்தினால் பெரும்பாலான கைபேசிகள் தம் எண்ணைக் காட்டும். கைபேசியின் முதுகில் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' வில்லைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அவை சிக்னலை மறைத்தால் கைபேசி இன்னும் அதிக ஆற்றலில் இயங்கும்.

அறிக்கையை வீட்டுப் பத்திரங்களோடு பத்திரமாக வையுங்கள். அதே மாடியில் புதிய பலகை ஏறினாலோ, வேறொரு நிறுவனம் சேர்ந்தாலோ, எதிரே உங்கள் வீட்டின் மேல் இன்னொரு மாடி கட்டினாலோ பழைய எண் செல்லாது. மாடியிலிருந்து அவ்வப்போது படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றம் தெரிந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு, மறு அளவீட்டுக்கு இந்த அறிக்கையையும் இணைத்து விண்ணப்பியுங்கள்.